மீந்த மாத்திரையும் ஏரி நீரும்

பசியாவரம் முதலிய பழவேற்காட்டு ஊர்களில், ஏரியில் இறங்கி இறால் பிடிப்போருக்கு முள் குத்திப் புண்ணாவது புதிதன்று. புண் சீழ்பிடித்தால் ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். அது பலிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

பிற மருந்துகள் பலிக்காதபோது நாங்கள் நாடும் கடைசி மருந்துகளுள் ஒன்று கோலிஸ்டின். அதை எதிர்க்கும் மரபணு பன்றிகளிடமும் இறைச்சியிலும் நோயாளிகளிடமும் இருப்பதைச் சீன, பிரிட்டன் ஆய்வாளர்கள் கூட்டாக ஆராய்ந்து 2015இல் வெளியிட்டனர். அம்மரபணு ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியது. பண்ணைகளில் கோலிஸ்டினைத் தீவனத்தில் கலந்து கொடுத்தது இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. கால்நடை, கோழி, மீன், இறால் வளர்ப்பில் அதன் பயன்பாட்டை இந்தியா 2019 ஜூலையில் தடை செய்தது.

பண்ணையில் உருவாகும் எதிர்ப்பு நோயாளியின் படுக்கைவரை வருகிறது. அதற்கு நீரும் ஒரு வழி. நீரில் கலக்கும் சிறிதளவு மருந்தும் கிருமிகளை அதற்குப் பழக்கிவிடக்கூடும்.

ஆகவே, வைரஸால் வரும் சளி, காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். சிவப்புக் கோடிட்ட அட்டை மாத்திரைகளை மருத்துவர் சீட்டின்றி வாங்காதீர்கள். மருத்துவர் சொன்ன நாள்வரை தவறாமல் உட்கொள்ளுங்கள். மருந்தை மாற்றியதால் மாத்திரை மீந்தால், பிறருக்குக் கொடுக்கவோ ஏரியில் எறியவோ வேண்டாம். அடுத்த முறை வரும்போது எங்களிடம் காட்டிக் கேளுங்கள்.