டேப்பட் வைத்தும் சத்தம் போகவில்லையா?

திருத்தணி, பள்ளிப்பட்டு பக்கம் கரும்புக்கு டீசல் இன்ஜின் வைத்து இறைப்பவரானாலும், காசிமேட்டில் விசைப்படகு வைத்திருப்பவரானாலும் கேம் ஷாஃப்ட் தேய்ந்தால் பாடு ஒன்றுதான். படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது; அப்போது பிரித்துப் பார்த்துவிடுவார்கள். நமக்கோ தண்ணீர் பாய்ச்சும் நாளில்தான் மக்கர் செய்யும்.

1. எடுத்ததும் கேமைச் சந்தேகப்படாதீர்கள். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், டீசல் லைனில் காற்று, இவற்றைப் பாருங்கள். பாதிக் கோளாறு அங்கேயே தீரும்.

2. டேப்பட் இடைவெளியை ஃபீலர் கேஜ் போட்டு வைத்த பிறகும், சில நாளில் மறுபடி விரிகிறதா? லாக் நட் இறுக்கமாக இருந்தும் விரிந்தால், கேம் மேடோ டேப்பட்டின் அடியோ தேய்கிறது என்று சந்தேகப்படலாம்.

3. ஏர் ஃபில்டர் வழியாகப் புகை திரும்பித் துப்பினால் எக்ஸாஸ்ட் வால்வு சரியாகத் திறக்கவில்லை என்று சந்தேகப்படலாம். இன்லெட் மேடு தேய்ந்தால் காற்று போதாமல் கரும்புகை வரும், இழுவை குறையும்.

4. உறுதி செய்ய: டீசலை அடைத்து, ராக்கர் மூடியையும் இன்ஜெக்டரையும் கழற்றுங்கள். டிகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி வைத்துச் சுற்றக் கூடாது. அது வால்வைத் தாங்கிப் பிடித்திருக்கும், ஏற்றம் தப்பாகத் தெரியும். ஃபிளைவீலைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். அது இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. புஷ் ராடு தலையில் டயல் கேஜ் வைத்து ஏற்றத்தை அளந்து, இன்ஜின் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். இன்லெட்டையும் எக்ஸாஸ்ட்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டாம். பல இன்ஜின்களில் இரண்டுக்கும் அளவு வேறு.

5. புஷ் ராடைக் கண்ணாடி மேல் உருட்டுங்கள். தத்தினால் வளைந்திருக்கிறது, பழி கேம் மேல் விழ வேண்டாம்.

6. டேப்பட்டின் அடியில் ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் குழிந்துவிட்டது. புதுக் கேமுக்குப் பழைய டேப்பட் போட்டால் கேமும் வீண். இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

7. வெல்டு வைத்து மேடு கட்டிக் கடைந்து தருகிறேன் என்பார்கள். மறுபடி கடினப்படுத்தாவிட்டால் அது நிற்காது.

8. ஏன் தேய்ந்தது என்று பார்க்காமல் மாற்றாதீர்கள். பெரும்பாலும் ஆயில்தான் காரணம்: அளவு குறைவு, பழசு, டீசல் கலந்து நீர்த்தது. ஆயில் பால் காபி நிறமானால் தண்ணீர் புகுந்திருக்கிறது. படகில் அது உப்புத் தண்ணீராகவும் இருக்கலாம், துருவும் சேர்ந்துகொள்ளும். வடித்த ஆயிலில் காந்தத்தை விட்டுப் பாருங்கள். இரும்புத் தூள் ஒட்டும். கேம் புஷ்ஷில் ஆயில் துளை உள்ள இன்ஜினானால், புஷ்ஷை மாற்றும்போது அந்தத் துளை நேராக உட்கார வேண்டும்.

9. கேமை மாட்டும்போது கியர்களின் புள்ளிக்குறி நேருக்கு நேர் சேர வேண்டும். ஒரு பல் தவறினாலும் ஸ்டார்ட் ஆகாமல் படுத்தும், வால்வும் பிஸ்டனில் இடிக்கலாம்.

10. கேம் மேடுகளில் ஆயில் தடவி மாட்டுங்கள். முதல் ஓட்டத்தில் மந்த வேகத்தில் விடாதீர்கள். தெறிப்பு முறை இன்ஜினில் அப்போது மேலே ஆயில் சரியாகத் தெறிக்காது. நடுத்தர வேகத்தில் 20 நிமிடம் ஓட்டி, ஆறியதும் டேப்பட்டை மறுபடி வைத்து, ஆயிலையும் சீக்கிரமே மாற்றுங்கள்.

11. சாமான் வாங்கச் சென்னை புதுப்பேட்டை போனால் இன்ஜின் நம்பரோடு பழைய கேமையும் கொண்டு போங்கள். ஆடிக்கிருத்திகை அன்று வேண்டாம். திருத்தணிக்கு வரும் காவடிக் கூட்டத்தில் அதைத் தூக்கிக்கொண்டு ரயிலில் நிற்க இடமிருக்காது.