சீசன் டிக்கெட்டா, தினசரி டிக்கெட்டா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்



உடுமலைப் பக்கத்து உறுப்பினர் ஒருவரின் மகள், திருப்பூரில் தங்கிக்கொண்டு கோவைக்கு ரயிலில் வேலைக்குப் போனார். "மொத்தமா எடுத்தா லாபம்னு நெனச்சேங்க" என்று, அம்மா குழுவில் உள்கடன் வாங்கி மூன்று மாத சீசன் எடுத்துக் கொடுத்தார். ஒரே மாதத்தில் வேலை நின்றுவிட்டது. பயன்படுத்தாத நாட்களுக்கு ரயில்வே பணம் திருப்பித் தராது. கடன் தவணையை மட்டும் கட்ட வேண்டியதாயிற்று.

எப்படி முடிவு செய்வது?

கவுன்டரில் இரண்டு கட்டணத்தையும் கேளுங்கள். கணக்குக்காக, ஒரு வழி டிக்கெட் 20 ரூபாய், மாத சீசன் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 300-ஐ 20-ஆல் வகுத்தால் 15 பயணம். போக, வர நாளுக்கு இரண்டு. ஆக, மாதம் எட்டு நாள் போனாலே சீசன் லாபம். ஐந்தாறு நாள்தான் வேலை என்றால் தினசரி டிக்கெட்டே போதும்.

மூன்று மாத சீசனுக்கு மாதக் கட்டணத்தைப் போல 2.7 மடங்கு, அதாவது 810 ரூபாய். மிச்சம் 90. மூன்றாம் மாதம் வேலை இல்லாமல் போனால், மாதாமாதம் எடுத்திருந்தால் ஆகும் 600-ஐ விட 210 ரூபாய் நட்டம். வேலை நிலைக்கும் என்று தெரியும்வரை மாத சீசன் எடுங்கள்.

கவனம்: ஒருவர் சீசனில் இன்னொருவர் போகக் கூடாது, அக்கா தங்கையாக இருந்தாலும் அபராதம்தான்.

குழுவில் பேசுங்கள்: பயணத்துக்கு உள்கடன் கேட்பவரிடம், மாதம் எத்தனை நாள் வேலை என்று கேட்டோமா?