கடல் கடந்த கல்வியும் கதவு திறந்த இல்லமும்

தஞ்சையினின்று புதுக்கோட்டை செல்லும் பெருவழியில் அமைந்துள்ளது கந்தர்வக்கோட்டை. அவ்வூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் அயல்நாடு சென்று கற்கும் விருப்பமுடைய மாணவர் உளர். அவ்விருப்பம் நன்றே. ஆயின், அங்ஙனம் பெறுங் கல்வி யார்க்குப் பயன்படல் வேண்டும்? அவ்வழி சேரும் புதுக்கோட்டையிற் பிறந்த ஓர் அம்மையாரின் வாழ்வில் இதற்கு விடை காண்போம். அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

அவர் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் தோன்றினார். ஆடவரே பயின்ற மன்னர் கல்லூரியில் அவரைச் சேர்க்கலாகாதெனப் பலர் தடுத்தனர். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்தார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்று, 1925-இல் மேற்படிப்பின்பொருட்டு இங்கிலாந்து சென்றார். 1926-இல் பாரிஸ் நகரத்து அனைத்துலக மகளிர் மாநாட்டிலும், 1933-இல் சிகாகோ மாநாட்டிலும் இந்தியப் பெண்டிர் சார்பிற் கலந்துகொண்டார்.

பிற நாட்டாரோடு பழகியதன் பயன் யாது? சென்னைச் சட்டசபையின் துணைத்தலைவராக அமர்ந்து, சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து வாதாடினார். அவ்வழக்கத்தினின்று விடுபட்டு வந்த பெண்களை விடுதிகள் ஏற்க மறுத்தபோது, தம் இல்லத்திலேயே இடமளித்தார். 1930-இல் ஔவை இல்லம் தோன்றிய வரலாறு இதுவே. அவ்வழக்கத்தை விலக்கும் சட்டம் 1947-இல் நிறைவேறியது.

தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த துயரையும் அவர் பிறர்க்குரிய தொண்டாக மாற்றினார். 1917-இல் அடையாற்றில் நிறுவப்பெற்றது இந்திய மாதர் சங்கம். அயர்லாந்திற் பிறந்த மார்கரெட் கசின்ஸ் அம்மையார் அதனை நிறுவியோருள் ஒருவர். அச்சங்கத்தின் துணைகொண்டு நிதி திரட்டினார் நம் அம்மையார். 1954-இல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பெற்றது. அயல்நாட்டாரும் நம் நாட்டாரும் கூடி நட்ட வித்து, நோயாளர்க்கு நிழல் தரும் மரமாயிற்று.

மாணவ நேயர்காள்! அம்மையார் 1968-இல் மறைந்தார். அவர் நிறுவிய இரண்டும் நிலைத்துள்ளன. பிற நாட்டாரிடம் கற்பது கடன் வாங்குதலை ஒக்கும். அக்கடனை அவர்க்கே திருப்பித் தரவேண்டுவதில்லை. நம் வாயிலில் வந்து நிற்கும் ஆதரவற்றோர்க்குச் செலுத்துதல் வேண்டும். தமக்கு அடைக்கப்படவிருந்த கதவை அம்மையார் மறந்தாரல்லர். ஆதலின், தம் கதவைப் பிறர்க்கு அடைத்திலர். கந்தர்வக்கோட்டையினின்று எத்துணைத் தொலைவு சென்றாலும், மீளும்போது நாம் யார்க்குக் கதவு திறப்போம் என்பதனை இன்றே எண்ணுவோமாக.