சென்னையில் படிக்க வரும் மாணவர்கள் தங்குமிடம் தேட: முழுமையான வழிகாட்டி

சென்னையில் கல்லூரி இடம் கிடைத்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் அடுத்த கவலை வந்துவிடும்: எங்கே தங்குவது? பல வீடுகளில் நகையை அடகு வைத்துத்தான் அட்வான்ஸ் புரட்டுகிறார்கள். அந்தப் பணம் குறையாமல் வீடு திரும்ப வேண்டும். அதை மனத்தில் வைத்தே இங்குள்ள ஒவ்வொன்றையும் சொல்கிறேன்.

1. முதலில் விடுதி

சேர்க்கையன்றே கல்லூரி விடுதிக்கு விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். அங்கே இடமில்லை என்றால் உடனே வாடகை அறைக்கு ஓட வேண்டாம். ஆதிதிராவிடர் நலத்துறையும் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையும் நடத்தும் விடுதிகள் இருக்கின்றன. 2025 முதல் இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர். தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். சாதி, வருமானச் சான்றிதழ்களைத் தயாராக வைத்திருங்கள். தகுதி இருந்தும் விசாரிக்காமல் மாதாமாதம் வாடகை கட்டும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு பொறுக்கவில்லை.

2. ரயில் பாதையை ஒட்டித் தேடுங்கள்

பறக்கும் ரயில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கோட்டூர்புரம், தரமணி வழியாக வேளச்சேரி போகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்குச் சேப்பாக்கத்திலும், அண்ணா பல்கலைக்கழகத்துக்குக் கோட்டூர்புரத்திலும் இறங்கலாம். வேளச்சேரியில் தங்கினாலும் சீசன் டிக்கெட்டில் சமாளித்துவிடலாம். தனியாகத் தங்க நினைக்கும் பையன்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் உண்டு.

3. பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

போனில் வரும் படங்களை நம்பி டோக்கன் அட்வான்ஸ் அனுப்பவே கூடாது. காலையில், எல்லோரும் குளிக்கிற நேரத்தில் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். மெட்ரோ தண்ணீரா, போர் தண்ணீரா? கோடையில் லாரி வரவழைத்தால் காசு யார் தலையில்? 2019இல் ஏரிகள் வற்றியபோது சென்னை பட்ட பாடு தெரிந்தவர்கள் இதைக் கேட்காமல் விடமாட்டார்கள். தரைத்தள அறையென்றால், 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரியுங்கள். வீட்டுக்காரர் சொல்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம்.

கரண்டுக்குத் தனி மீட்டர் உண்டா, யூனிட்டுக்கு எவ்வளவு என்பதையும் கேளுங்கள். சாப்பாடு எப்படி என்று ஏற்கெனவே தங்கியிருப்பவர்களிடம் தனியாகக் கேட்டால் உண்மை வரும்.

பெண்கள் விடுதியென்றால், 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

4. அட்வான்ஸும் ஒப்பந்தமும்

தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் அட்வான்ஸாகச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் கூடுதலாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு வாதாட முடியாது. பேரம் பேசுவதெல்லாம் அதற்கு முன்பே. காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். நண்பர்கள் சேர்ந்து எடுத்தால் எல்லோர் பெயரும் அதில் வர வேண்டும்.

குடிபுகும் அன்று சுவர், கழிப்பறை, மின்விசிறி எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவையுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். காலி செய்வதை ஒரு மாதம் முன்பே எழுத்தில் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சொன்னாலும் சரி, அட்வான்ஸ் கைக்கு வரும்வரை அந்தச் செய்தியை அழிக்காதீர்கள்.