பல கோப்புகள், ஓர் அட்டவணை: யாரும் விடுபடாமல் சேர்ப்பது எப்படி?

மாணவர்களே, கோப்பெங் சுற்றுவட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் கைமாறியபோது, அங்கு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல ஈப்போவுக்கும் பிற ஊர்களுக்கும் இடம்பெயர்ந்தன. அப்படி ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள் மீண்டும் ஒன்றுகூட விரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பட்டியல் பழைய ஆசிரியரிடம் இருக்கிறது; இன்னொன்று ஈப்போவில் ஓர் அக்காவிடம்; மற்றொன்று அலோர் ஸ்டாரில். எல்லாவற்றையும் ஒரே தரவுத்தள அட்டவணையில் சேர்க்கும் பொறுப்பு உங்களிடம் வருகிறது. இதற்குத் தரவு இறக்குமதி என்று பெயர்.

இத்தகைய பட்டியல்களைப் பெரும்பாலும் சிஎஸ்வி கோப்பாக மாற்றியே அனுப்புவார்கள். இது வெறும் எழுத்துக் கோப்பு. ஒரு வரி என்பது ஒருவரின் பதிவு. பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகிய புலங்களைக் காற்புள்ளி பிரிக்கும். தரவுத்தளம் ஒவ்வொரு வரியையும் காற்புள்ளியில் வெட்டி, அட்டவணையின் உரிய பத்தியில் போடும். கேட்க எளிது. ஆனால், மூன்று இடங்களில் கவனம் தேவை.

முதலாவது, காற்புள்ளி. ‘எண் 7, கம்போங் பாரு, கோப்பெங்’ என்பது ஒரே முகவரி. கணினியோ அதை மூன்று புலங்களாக வெட்டிவிடும். அப்போது தொலைபேசி எண் இருக்க வேண்டிய இடத்தில் ஊர்ப்பெயர் வந்து நிற்கும். முகவரி முழுவதையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் வைத்தால் உள்ளே இருக்கும் காற்புள்ளியைக் கணினி பிரிப்பானாகக் கொள்ளாது.

இரண்டாவது, முன்னால் நிற்கும் சுழியம். கோப்பெங்கின் அஞ்சல் குறியீடு 31600. இதற்கு ஆபத்தில்லை. அலோர் ஸ்டாரின் 05000, எண் வகைப் பத்தியில் நுழைந்தால் 5000 ஆகிவிடும். 01 எனத் தொடங்கும் நம் கைப்பேசி எண்களுக்கும் இதே கதிதான். சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறந்து சேமித்தாலே சுழியம் காணாமல் போகக்கூடும். இதற்கு ஒரு விதியை நினைவில் வையுங்கள்: கூட்டவோ பெருக்கவோ போவதில்லை என்றால், அது இலக்கமாக இருந்தாலும் எழுத்து வகைதான்.

மூன்றாவது, தேதி. 05/08/1978 என்பது நமக்கு ஆகஸ்டு 5. அமெரிக்க முறையில் அமைந்த மென்பொருளுக்கு மே 8. ஆண்டை முதலில் வைத்து 1978-08-05 என எழுதினால் குழப்பமில்லை.

இந்தப் பிழைகளில் பல சத்தம் போடாமல் நடப்பவை. இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டு செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, கோவிட் தொற்று உறுதியான 15,841 பேரின் பதிவுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டன. ஆய்வகங்களின் சிஎஸ்வி கோப்புகளைப் பழைய எக்செல் வடிவத்திற்கு மாற்றியதே காரணம். அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிகள்தான் கொள்ளும். மிஞ்சியவை உதிர்ந்துபோயின. தொற்றியவர்களுக்குத் தங்கள் முடிவு தெரிந்திருந்தது. ஆனால், அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை தாமதமானது.

அப்படியானால் சேர்க்கும் முறை என்ன?

1. மூலக் கோப்பைத் தொடாதீர்கள். நகல் எடுத்து வேலை செய்யுங்கள். தமிழ்ப் பெயர்கள் இருந்தால் யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமியுங்கள்.

2. முதலில் ஒரு தற்காலிக அட்டவணையில் எல்லாவற்றையும் எழுத்து வகையாகவே ஏற்றுங்கள். அங்கே சரிபார்த்த பிறகு உண்மையான அட்டவணைக்கு மாற்றுங்கள்.

3. எண்ணிப் பாருங்கள். கோப்பில் 212 பதிவுகள் இருந்தால், தலைப்பு வரியை நீக்கி, அட்டவணையிலும் 212 இருக்க வேண்டும்.

4. ஒருவரே இரு பட்டியல்களில் இருக்கலாம். பெயரை மட்டும் நம்பாதீர்கள். லெட்சுமி என்ற பெயரை ரோமன் எழுத்தில் நாம் எத்தனை விதமாக எழுதுகிறோம்! பிறந்த தேதியையும் தொலைபேசி எண்ணையும் ஒப்பிட்டு, ஒருவருக்கு ஓர் உறுப்பினர் எண் கொடுங்கள். அதுவே முதன்மைத் திறவுகோல்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ‘காப்பி’ கட்டளை, வழக்கமாக ஒரு வரியில் பிழை கண்டாலும் முழு இறக்குமதியையும் நிறுத்திவிடும். எரிச்சலாக இருக்கலாம். ஆனால், ஒரு பதிவைத் தொலைத்துவிட்டு ‘முடிந்தது’ என்று சொல்லும் கருவியைவிட இது மேல். அந்த ஒரு வரி, அழைப்பு வராமல் போகும் ஒரு மனிதர் அல்லவா?

செய்து பாருங்கள்: காற்புள்ளி உள்ள முகவரி, 05000 என்ற குறியீடு, 05/08/1978 என்ற தேதி ஆகியவை கொண்ட ஒரு சிஎஸ்வி கோப்பை உருவாக்குங்கள். அதை எக்செலில் திறந்து சேமித்து, மீண்டும் எழுத்துக் கோப்பாகத் திறந்து பாருங்கள். எவை மாறியிருக்கின்றன? குறித்துக்கொண்டு வகுப்பில் பேசுங்கள்.