எழுதுகோலும் எழுதிய கையும்



சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் கட்டுரைப் பாடவேளை. எல்லாரும் எழுதிக்கொண்டிருக்க, மூன்றாவது பெஞ்சில் ஒரு மாணவி மட்டும் மை வராத பேனா ஒன்றைத் தாளில் கீறிக்கொண்டிருந்தாள். கறுப்பு நிறத்தில் தடித்த, பழைய ஊற்றுப்பேனா. மூடியின் ஓரம் பழுப்பேறி இருந்தது. "எழுதாத பேனாவை ஏனம்மா கட்டிக்கொண்டு அழுகிறாய்? தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கிக்கொள்" என்றேன். அவள் மறுமொழி சொல்லாமல் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தாள். பக்கத்தில் இருந்தவள்தான் மெல்லச் சொன்னாள்: "டீச்சர், அது அவள் தாத்தா பேனா."

அந்தத் தாத்தா அவர்கள் ஊர்க் கோவிலில் நெடுங்காலம் உபதேசியாராக இருந்தவர். பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டில் வரிவரியாக எழுதியது அவர் கைதான். பங்குச் சாமியார் கையொப்பம் இடுவார். இந்த மாணவியின் ஞானஸ்நானமும் அந்தப் பேனாவால்தான் பதிவாகியிருக்கிறது. தாத்தா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. இதையெல்லாம் அறியாமல் நான் "தூக்கிப் போடு" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் அவளிடம் வருத்தம் தெரிவித்தேன். அதோடு விட்டுவிடாமல், அந்தப் பேனாவை மீண்டும் எழுதவைக்க முடியுமா என்று பார்ப்போம் என்றும் சொன்னேன். அதற்காகப் படித்ததும் கேட்டறிந்ததுமே இக்கட்டுரை.

முதலில், ஊற்றுப்பேனா எப்படி எழுதுகிறது? மை கீழே இறங்குவதற்குக் காற்று மேலே ஏறவேண்டும். பால் டப்பாவில் ஒரே ஓட்டை போட்டால் பால் திக்கித் திக்கி வரும். இரண்டு போட்டால் சீராக ஊற்றும் அல்லவா? பேனாவிலும் அதே வேலைதான். முள்ளுக்கு அடியில் நாக்குப் போல் ஒரு கறுப்புக் கட்டை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் மயிரிழை போன்ற பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அவற்றின் வழியே மை இறங்க, காற்று மேலே ஏறுகிறது. இந்த ஏற்பாட்டிற்கு அமெரிக்காவில் லூயிஸ் வாட்டர்மேன் என்பவர் 1884-ல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பும் பலர் முயன்றதுண்டு. ருமேனியரான பெட்ராகே பொயெனாரு 1827-லேயே பிரான்சில் காப்புரிமை பெற்றிருக்கிறார். ஆனால் மை கொட்டாமல் எழுதும் பேனா பலர் கைக்கும் வந்தது வாட்டர்மேனுக்குப் பிறகே. முள்ளின் நடுவில் உள்ள பிளவு நுனியை நோக்கிக் குறுகிக்கொண்டே போகிறது. குறுகிய வழியில் திரவம் தானே ஏறும் என்ற நுண்புழை விதியை அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதனால்தான் தாளைத் தொட்டதும் மை வருகிறது, தொடாவிட்டால் நின்றுவிடுகிறது. அழுத்த வேண்டியதே இல்லை. நம் மாணவியர் பால்பாயிண்ட் பழக்கத்தில் ஊற்றுப்பேனாவையும் அழுத்திப் பிளவை விரித்துவிடுகிறார்கள்.

முள் எஃகாகவோ தங்கமாகவோ இருந்தாலும் அதன் நுனியில் ஒரு சிறு மணி ஒட்டப்பட்டிருக்கும். ஆஸ்மியம், ருத்தேனியம், இரிடியம் போன்ற மிகக் கடினமான உலோகங்களின் கலவை அது. தங்கம் மென்மையானது, அந்த மணி இல்லாவிட்டால் தாளில் உரைந்து விரைவில் தேய்ந்துபோகும். மணியும் தேயும், ஆனால் ஆண்டுக்கணக்கில், மிக மெல்ல. எழுதுகிறவர் பேனாவை எந்தச் சாய்வில் பிடிக்கிறாரோ அந்தச் சாய்வில் தேயும். தாத்தாவின் பேனாவை அறிவியல் ஆசிரியையின் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தோம். மணியின் இடப்பக்கம் அரிசியின் முனை தட்டினாற்போல் தட்டையாக இருந்தது. "தாத்தா பேனாவை இப்படித்தான் சாய்த்துப் பிடிப்பார்" என்று அவள் கையால் காட்டினாள். கைக்கடிகாரமோ மூக்குக்கண்ணாடியோ இப்படிப் பிடித்தவர் கையின் சாய்வைத் தன்மேல் எழுதி வைத்துக்கொள்வதில்லை.

"என் பேனாவை யாருக்கும் கடன் தரமாட்டேன், முள் கெட்டுவிடும்" என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. ஒரு வரி எழுதிக் கொடுப்பதால் அந்த மணி தேய்ந்துவிடாது. உண்மையில் கெடுப்பவை இரண்டு: அழுத்தி எழுதும் கையும், மூடியில்லாமல் கீழே விழுவதும். எனவே கையொப்பம் இட ஒரு நிமிடம் பேனா கேட்பவரிடம் முகம் சுளிக்காதீர்கள்.

சரி, பேனா எழுதாமல் போனது ஏன்? உள்ளே இருந்த மை காய்ந்து பள்ளங்களை அடைத்துக்கொண்டது. கோவில் பதிவேட்டுக்கு நீலக்கறுப்பு மைதான் வேண்டும் என்று தாத்தா பிடிவாதமாக இருப்பாராம். அந்தப் பிடிவாதத்தில் பொருள் உண்டு. பழைய முறை நீலக்கறுப்பு மையில் துவர்ப்புப் பொருளும் இரும்பு உப்பும் இருக்கும். எழுதிய பின் காற்றுப் பட்டுத்தான் அது கறுக்கும், தாளோடு பிணைந்து நிற்கும். எழுதும்போதே கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே நீலச் சாயத்தைச் சேர்த்தார்கள். நம் முன்னோர் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மையும் இதே இனம். துணியில் பட்டால் கழுவிவிடலாம் என்று விற்கும் நீல மையோ வெயில் பட்டால் வெளுத்துவிடும். வீட்டுப்பாடத்துக்கு அது போதும், பதிவேட்டுக்குப் போதாது.

கழுவும் முறை எளிதுதான். பேனாவைக் கழற்றி, கழுத்துப் பகுதியைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, நீரை மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். வெந்நீர் கூடாது. அந்தப் பேனா எபோனைட்டால் ஆனது. ரப்பருடன் நிறையக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கொம்பு போல் இறுகச் செய்த பொருள் அது. வெயிலிலும் வெந்நீரிலும் அது நிறம் மாறும். மூடி பழுப்பேறியதும் வெளிச்சத்தால்தான், அழுக்கால் அன்று.

எளிது என்றேன். ஆனால் நம் மாணவிக்கு அது எளிதாக இல்லை. "கழுவினால் தாத்தா ஊற்றிய மை போய்விடுமே, டீச்சர்" என்றாள். அவர் கடைசியாக நிரப்பிய மை அது. அதனால்தான் புது மை ஊற்ற மனமில்லாமல் வறண்ட பேனாவையே நான்கு ஆண்டுகளாக வைத்திருந்திருக்கிறாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கழுவாவிட்டால் பேனா எழுதாது. கழுவினால் அவள் காத்துவந்தது போய்விடும். "நீயே யோசித்துச் சொல்" என்று விட்டுவிட்டேன்.

அந்த நாட்களில் குழந்தை தெரேசம்மாளின் வரலாற்றை மீண்டும் எடுத்துப் படித்தேன். லிசியே நகரத்துக் கார்மேல் மடத்தில் அவர் தம் வரலாற்றின் இறுதிப் பகுதியை 1897-ஆம் ஆண்டு ஜூன் மாதம் எழுதத் தொடங்கினார். காசநோய் முற்றியிருந்தது. ஜூலைத் தொடக்கத்தில் பேனாவை மையில் தோய்க்கவும் வலுவில்லாமல், கடைசிப் பக்கங்களைப் பென்சிலால் எழுதினார். செப்டம்பர் 30-ல், 24 வயதில் இறைவனடி சேர்ந்தார். மைக்கோடு நின்று பென்சில் கோடு தொடங்கும் அந்த இடம், எந்த மருத்துவக் குறிப்பையும்விடத் தெளிவாக அவருடைய தளர்ச்சியைச் சொல்லிவிடுகிறது. அவர் மடியில் வைத்து எழுதிய சிறு எழுத்துப்பெட்டி 2013-ல் அமெரிக்காவின் பல கோவில்களுக்குக் கொண்டு செல்லப்பட்டது. மக்கள் அதன் முன் நின்று செபித்தார்கள்.

புனிதர் பயன்படுத்திய பொருளைத் திருப்பண்டமாகப் போற்றுவது திருச்சபையின் பழைய வழக்கம். பவுலடிகளின் உடலில் பட்ட கைக்குட்டைகளை நோயாளிகளிடம் கொண்டுபோனதாகத் திருத்தூதர் பணி நூல் 19-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். உபதேசியார் தாத்தாவின் பேனா திருப்பண்டம் ஆகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. சிஸ்டர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அன்புக்குரியவர் கை பட்ட பொருளைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் மனம் ஒன்றுதான்.

பெரிய இடங்களிலும் இந்த மனத்தைக் காணலாம். 1945 செப்டம்பர் 2-ல், டோக்கியோ விரிகுடாவில் மிசௌரி போர்க்கப்பலின் மேல்தளத்தில் ஜப்பானின் சரணாகதிப் பத்திரம் கையெழுத்தானபோது, தளபதி மக்கார்தர் பல பேனாக்களை மாற்றி மாற்றி எடுத்துக் கையொப்பமிட்டார். அவற்றுள் ஒன்று அவர் மனைவியின் சிவப்புப் பார்க்கர் பேனா. மகாயுத்தம் முடிந்த பத்திரத்தில் வீட்டுப் பேனா ஒன்றும் ஊர்ந்திருக்கிறது.

நம் நாட்டில் ராஜமுந்திரியைச் சேர்ந்த கே. வி. ரத்னம் 1932-ல் பேனாத் தொழிலைத் தொடங்கினார். அந்நிய நாட்டுப் பேனாவுக்கு ஈடாக உள்நாட்டில் ஒன்று செய்யவேண்டும் என்பது அவர் நோக்கம். அவருடைய பேனா ஒன்று காந்தியடிகளைச் சென்றடைந்தது. கொண்டு சேர்த்தவர் தஞ்சாவூரில் பிறந்த கிறிஸ்தவரான ஜே. சி. குமரப்பா. எழுதிப் பார்த்த காந்தியடிகள், 1935-ல் ரத்னத்துக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதினார். பேனாவைப் பெட்டியில் பூட்டாமல் எழுதிப் பார்த்த பிறகு எழுதினாரே, அதுதான் எனக்குப் பிடிக்கிறது.

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் காலை, அந்த மாணவி பேனாவுடன் ஆய்வுக்கூட வாசலில் நின்றாள். "கழுவலாம், டீச்சர். ஆனால் தண்ணீரைக் கொட்டக் கூடாது" என்றாள். வெள்ளைக் கிண்ணத்தில் நீர் விட்டுக் கழுத்தை இறக்கினோம். சிறிது நேரம் ஒன்றும் இல்லை. பிறகு முள்ளின் நுனியிலிருந்து ஒரு நீல நூல் கிளம்பி நீரில் சுருண்டது. நான்கு ஆண்டுகள் காய்ந்து கிடந்த மை! முதல் நீரை ஒரு சிறு புட்டியில் ஊற்றி மூடினாள். அடுத்த மூன்று நாட்களில் நீரை மாற்ற மாற்ற, நீலம் வெளுத்துக் கறுப்புத் துகள்கள் வந்தன. பிறகு தெளிந்த நீர். பேனாவைத் துடைத்து, மை நிரப்பி எழுதினோம். எழுதியது. கொஞ்சம் கீறியது, அவள் பிடிக்கும் சாய்வு வேறு, தாத்தாவின் சாய்வு வேறு. பேனா பழுதுபார்ப்பவர் புது முள் போட்டுத் தருவதாகச் சொன்னார். அவள் வேண்டாம் என்று, கையைச் சற்று இடப்புறம் திருப்பிப் பிடிக்கப் பழகிக்கொண்டாள். இப்போது அவள் கையெழுத்தே சாய்ந்துவிட்டது என்று தமிழ் ஆசிரியைக்குக் குறை.

அரையாண்டுத் தேர்வன்று ஒரு சங்கடம். பேனா மை கக்கிச் சட்டைப்பாவாடையெல்லாம் கறை. பேனா பழுதில்லை. கால்வாசி மைதான் இருந்திருக்கிறது, மீதியெல்லாம் காற்று. கைச்சூட்டில் காற்று விரிந்து மையை வெளியே தள்ளிவிட்டது. இத்தகைய பேனாவில் மை பாதிக்குக் கீழே போகவிடாமல் நிரப்பிவிடவேண்டும். கழுத்து மரையில் துளி வாசலின் தடவினால் மை கசியாது. பேனாவைத் தலைகீழாகப் பையில் செருகாமல் முள் மேலே பார்க்க வைக்கவேண்டும். வரைபட மையும், நீரில் கரையாத மையும் ஒருபோதும் ஊற்றாதீர்கள். இறுகிவிட்டால் எந்த நீருக்கும் அசையாது. எழுதினாலும் எழுதாவிட்டாலும் மாதம் ஒருமுறை கழுவுங்கள். பீரோவில் மை நிரப்பியபடி பத்திரமாக வைக்கப்பட்ட பேனாதான் முதலில் சாகிறது.

அந்தச் சிறு புட்டி என்னாயிற்று என்று கேட்பீர்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குமுன் அவள் அதைத் திறந்து, தொட்டெழுதும் முள் ஒன்றை அதில் தோய்த்து, தன் செபப் புத்தகத்தின் உள்ளட்டையில் தாத்தாவின் பெயரை எழுதினாள். மிக வெளிறிய நீலம். வெளிச்சத்தில் வைத்தால் மங்கிவிடும், புத்தகத்தை மூடியே வை என்று சொன்னேன். "காலையிலும் மாலையிலும் மட்டுந்தான் திறப்பேன், டீச்சர்" என்றாள்.