தண்ணீர் முதல், வேகம் பிறகு: மொரிஸ் மைனர் எஞ்சினைக் கட்டுபவர்களுக்குச் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

யாழ்ப்பாணத்தில் ஒரு மொரிஸ் மைனரோ ஒஸ்ரின் ஏ40 சோமசெற்றோ தெருவில் போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவ்வளவு பழக்கம். 1960களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் புதிய கார் வாங்க வழியில்லாமல் இவற்றையே திருத்தித் திருத்தி ஓடினார்கள். 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கிப் பெற்றோல் வருவது நின்றதும், கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடியவையும் இவைதான். இப்போது இளைஞர்கள் சிலர் இந்த எஞ்சின்களைப் பிரித்து, கூடிய சுற்றில் ஓடுமாறு கட்ட ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசை. 1952க்குப் பிந்திய மைனரில் இருப்பது ஏ-சீரிஸ் எஞ்சின். 1951இல் ஒஸ்ரின் ஏ30 காருக்காக 803 சீசீயில் வந்த அந்தக் குடும்பத்தின் 1071 சீசீ எஞ்சினோடுதான் மினி கூப்பர் எஸ் 1964இல் மொன்ரி கார்லோ றலியை வென்றது. ஆனால் அது சனவரிக் குளிரில் நடக்கும் போட்டி. எங்களுக்கு வாய்த்தது சித்திரை வெயிலும் சுண்ணாம்புக் கிணறும்.

செய்ய வேண்டியவை

எஞ்சினைக் கழற்றியதும் பிளொக்கின் பக்கத்திலுள்ள வெல்ஷ் பிளக்குகளை எல்லாம் தட்டி எடுங்கள். போர் அடிப்பது, பிஸ்டன் வாங்குவது எல்லாம் அதற்குப் பிறகு. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கல்லுக்குள் ஊறி வருவது. கேத்தில் அடியில் படியும் அதே வெள்ளைக் காறை, பல பத்தாண்டுகளாக அந்தப் பிளொக்குக்குள்ளும் படிந்திருக்கும். காறை வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. இரும்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் அது நிற்கும்வரை எவ்வளவு பெரிய றேடியேற்றர் பூட்டினாலும் பயனில்லை. நான்காவது சிலிண்டரைச் சுற்றி மிகக் கவனமாகப் பாருங்கள். தண்ணீர்ப் பம்ப் முன்னால் இருக்கிறது. துருவும் சேறும் போய் அடைவது பின்பக்கத்தில். கம்பியால் கிண்டி, சிற்றிக் அசிட் கரைசலில் ஊறவைத்து, கழுவிய தண்ணீர் தெளியும்வரை திரும்பத் திரும்பக் கழுவுங்கள்.

றேடியேற்றரையும் மேல், கீழ்த் தொட்டிகளைக் கழற்றிக் குழாய் குழாயாகச் சுத்தம் செய்விக்க வேண்டும். வெளிப்பக்கத் தகடுகளில் உப்புப் படிந்து உதிரத் தொடங்கியிருந்தால் புதிய கோர் போடுவதுதான் சரி. காரைநகர், ஊர்காவற்றுறை, வல்வெட்டித்துறைப் பக்கத்துக் கார்களுக்கு இது அனேகமாகத் தேவைப்படும்.

கட்டிய எஞ்சினுக்குள் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுங்கள். பற்றரிக்கு வாங்கும் அதே தண்ணீர்தான். அது கிடைக்காவிட்டால் மாரி மழை நீர். முதல் மழையை விட்டுவிட்டுச் சுத்தமாகப் பிடித்தது. மூன்றில் ஒரு பங்கு கூலன்ற் சேருங்கள். எங்களுக்குப் பனி இல்லையே என்று விடக்கூடாது, துருவைத் தடுப்பது அதுதான். செம்பு, பித்தளை, ஈயப் பற்று உள்ள பழைய றேடியேற்றருக்கு ஏற்றது என்று போத்தலில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். கூலன்ற் நஞ்சு, இனிப்பும்கூட. வடித்ததைப் பிள்ளையோ நாயோ எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

றேடியேற்றர் மூடியின் அழுத்தம் முக்கியம். 7 இறாத்தல் மூடி நன்றாக இறுகினால் வெறும் தண்ணீரே ஏறக்குறைய 111 பாகையில்தான் கொதிக்கும். றப்பர் செத்த மூடி என்றால் 100 பாகையிலேயே கொதித்து வெளியே தள்ளும். ‘எஞ்சின் சுடுகுது’ என்று கராஜுக்கு வரும் கார்களில் மூடியை முதலில் மாற்றிப் பாருங்கள், செலவு மிகக் குறைவு.

சிலிண்டர் ஹெட்டை அழுத்தச் சோதனை செய்விக்காமல் பூட்ட வேண்டாம். ஏ-சீரிஸில் நடு இரண்டு சிலிண்டர்களின் புகையும் ஒரே துளையால் வெளியேறுகிறது. ஹெட்டில் ஆகச் சூடான இடம் அதுவே. வெடிப்பு இருந்தால் அங்கே அல்லது அதையடுத்த வால்வு இருக்கைகளுக்கு நடுவில் தேடுங்கள். இலங்கையில் 2002இல் ஈயப் பெற்றோல் நின்றுவிட்டது. ஈயம் இல்லாமல் கூடிய சுற்றில் ஓடினால் பழைய வார்ப்பிரும்பு இருக்கைகள் தேய்ந்து உள்ளே போகும். புகைவால்வுகளுக்குக் கடினமான இருக்கை வளையம் போடுவித்துவிடுங்கள். ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, டோர்க் சாவியால், கைநூலில் சொன்ன ஒழுங்கில் இறுக்குங்கள். ஓடிச் சூடாகி ஆறிய பிறகு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும்.

மண்ணெண்ணெய்க் காலத்துத் தடயங்களைத் தேடுங்கள். மண்ணெண்ணெய்க்கு ஒக்ரேன் குறைவு. முழுதாக எரியாமல் சிலிண்டர் சுவரைக் கழுவி, ஒயிலோடு கலந்து அதை நீர்த்துப்போகவும் வைக்கும். ஆகவே கிராங்கின் தேய்மானத்தை மைக்ரோமீற்றரால் அளந்து, வெடிப்புச் சோதனையும் செய்தே பேரிங் வாங்குங்கள். இக்னிஷன் நேரத்தையும் அப்போது பின்தள்ளி வைத்திருந்தால் இன்னும் அப்படியே இருக்கலாம். பின்தங்கிய நேரத்தில் ஓடும் எஞ்சினின் சூடு புகைக்குழாயிலும் ஹெட்டிலும் தங்கிவிடும்.

சுற்றை எதுவரை ஏற்றலாம் என்பதைப் பிஸ்டன் பயணத்தை வைத்து முடிவு செய்யுங்கள். மைனரில் வந்த 948 சீசீ எஞ்சினின் பயணம் 76.2 மில்லிமீற்றர், 1098 சீசீக்கு 83.7. நிமிடத்துக்கு 6000 சுற்றில் முதலாவதின் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 15.2 மீற்றரும் இரண்டாவது 16.7 மீற்றரும் ஓடுகின்றன. அந்தக் கூப்பர் எஸ் எஞ்சினின் பயணம் 68.3 மட்டுமே, அது 7200 சுற்றில் ஓடும்போதும் 1098இன் 6000க்குக் கீழேயே நிற்கிறது. பெரிய எஞ்சின் என்பதற்காக 1098ஐத் தேடி அலைபவர்கள் இதை யோசிக்க வேண்டும். சுற்று விரும்புபவருக்கு என் தெரிவு நல்ல நிலையிலுள்ள 948தான்.

புதிய கம்ஷாஃப்ற் போட்டால் பசை தடவிப் பூட்டி, முதல் ஸ்ராட்டிலேயே 2000 சுற்றளவில் இருபது நிமிடம் ஓடவிடுங்கள். துத்தநாகச் சேர்க்கையுள்ள 20டபிள்யூ-50 ஒயில் போதும்.

செய்யக்கூடாதவை

சூட்டு நாடு என்று சொல்லித் தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாதீர்கள். கராஜ்களில் இது கைப்பழக்கமாகிவிட்டது. கழற்றினால் தண்ணீர் சுலபமான வழியில் ஓடும், பின் சிலிண்டர்கள் தனியே வேகும். கட்டாயம் வேண்டாம் என்றால் அந்த இடத்தில் அடைப்பு வளையமாவது போடுங்கள். பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள சின்ன பைபாஸ் குழாயையும் மறக்காதீர்கள். வெடித்தால் மாற்றுவதற்குப் பம்பையே கழற்ற வேண்டிவரும்.

கழிவறை கழுவும் அசிட்டை பிளொக்குக்குள் ஊற்ற வேண்டாம். காறையோடு இரும்பையும் தின்னும்.

தீவுப்பகுதிக் கிணற்று உவர் நீரால் அவசரத்துக்குக்கூட நிரப்பாதீர்கள். ஒரு போத்தல் நல்ல தண்ணீர் டிக்கியில் கிடக்கட்டும். கொதித்த எஞ்சினுக்குள் பச்சைத் தண்ணீர் ஊற்றுவது அதைவிடக் கேடு, ஹெட் வெடிக்கும். மூடியைத் தொடுவதும் ஆறிய பிறகுதான்.

இருக்கும் டைனமோவை வைத்துக்கொண்டு மின்விசிறி பூட்டாதீர்கள். மைனரின் லூக்காஸ் டைனமோ 20 அம்பியர் அளவே தரும், அதுவும் எஞ்சின் வேகமாக ஓடும்போது. நல்லூர்த் திருவிழா நெரிசலிலோ மாப்பிள்ளை ஊர்வலத்திலோ இரவில் ஊரும்போது விளக்கும் விசிறியும் சேர்ந்து பற்றரியைக் குடித்துவிடும். முதலில் ஒல்ரனேற்றர் போடுங்கள். மைனரில் பற்றரியின் நேர்முனைதான் பொடியில் பூட்டப்பட்டிருந்தது, அதை மாற்றாமல் இணைத்தால் ஒல்ரனேற்றர் எரியும். பல கார்களுக்கு இவ்வளவும் தேவையில்லை. விசிறியைச் சுற்றித் தகட்டுக் கூடு அடித்து, றேடியேற்றரின் ஓர இடைவெளிகளை அடைத்துவிட்டாலே பெரிய மாற்றம் தெரியும்.

போர் எவ்வளவு அடிக்கலாம் என்று கேட்காதீர்கள், எவ்வளவு குறைவாக அடிக்கலாம் என்று கேளுங்கள். துருப்பிடித்த பழைய சுவர் மெலிந்தால் வளையும், சூடும் கூடும்.

பெற்றோல் மிச்சம் பிடிக்கக் காபரேற்றரை மெலிதாக வைக்காதீர்கள். மெலிந்த கலவை சுட்டெரிக்கும். கொம்பிரஷனை 9க்கு மேல் ஏற்றினால் 95 ஒக்ரேன் அடியுங்கள்.

சமநிலை சரியில்லாத கிராங்கோடு 5000ஐத் தாண்ட வேண்டாம். 5000இலிருந்து 6000க்குப் போகும்போது கொனெக்ரிங் றொட்டை இழுக்கும் விசை 44 வீதம் கூடுகிறது. கிராங், றொட், பிளைவீல், கிளச் எல்லாவற்றையும் ஒன்றாகச் சமநிலைப்படுத்தாமல் கட்டிய எஞ்சினில் அந்த விசையைத் தாங்குவது மூன்றே மூன்று மெயின் பேரிங்.

கடைசியாக, கட்டி முடித்ததை ஏ9 வீதியில் சோதிக்காதீர்கள். மாடுகளும் சைக்கிளில் பள்ளி போகும் பிள்ளைகளும் உள்ள வீதி அது. 1950களின் பிரேக்கோடு உங்கள் எஞ்சின் மட்டுமே புதிது. வேகம் பார்க்க வேண்டுமானால் நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட மலையேற்றப் போட்டி போன்ற ஒழுங்கான இடத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே 1800 மீற்றருக்கு மேல் காற்று மெலிதாக இருப்பதால் இங்கே சரியாக வைத்த கலவை தடித்துப்போகும். மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கும். போகுமுன் காபரேற்றர் ஊசியையும் மூடியையும் மாற்றிக்கொள்ளுங்கள்.